இழுத்தால் பதில் சொல்லும் அட்டை

மழை மாதங்களில் எங்கள் ஊரில் காகிதம் ஈரம் குடித்து ஊதும். நோட்டுப் புத்தகத்தின் ஓரம் அலை அலையாகச் சுருளும். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்த மறுநாளே நடுவில் வளைந்து நிற்கும். சான்றிதழ்களில் பூஞ்சை பிடிக்கும். அதனால் போர்ட் பிளேரில் பல வீடுகளில் ஒரு அலமாரிக்குள் சின்ன பல்பு ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சூடு அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கும் என் அட்டைகளுக்கும் பொது. அட்டைகளின் பங்கு வருடா வருடம் கூடுகிறது என்பது அம்மாவின் புகார்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறேன். மாலையில் வாழ்த்து அட்டைகளும் ஆல்பங்களும் செய்கிறேன். இங்கே அவற்றைக் கேட்டு வருபவர்கள் குறைவதே இல்லை. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் சில வருடங்களில் திரும்பிப் போவார்கள். அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து அவர்களுக்கு ஒரு ஆல்பம் செய்து கொடுப்பது வழக்கம். புகைப்படங்கள், ஆளுக்கு இரண்டு வரி, பக்கத்தைத் திறந்தால் எழும்பி நிற்கும் தென்னை மரம், இழுத்தால் நகரும் கப்பல். கப்பல் வேண்டாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சங்கும் பவளமும் மட்டும் ஒட்ட மாட்டேன், தீவை விட்டுக் கொண்டுபோகத் தடை, விமான நிலையத்தில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

எதையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளாமல் எனக்கு வேலை ஓடாது. காகித வேலைக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. மடிப்பதற்கு முன்னால் காகிதத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அழுத்திப் போட வேண்டும். ஒட்டியதைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைக்க வேண்டும், இங்கே பசை லேசில் காயாது. நகரும் பாகம் எதுவானாலும் அதன் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட வேண்டும். கடைசி விதியை நான் கல்லூரியில் படித்தேன். பாலத்துக்கும் அட்டைக்கும் அது ஒன்றுதான்.

இந்த வருடம் மழை தொடங்கிய சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

அப்பா ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு கராச்சர்மாவில் வீடு கட்டிக்கொண்டு, காலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போய் பழைய கூட்டாளிகளோடு டீ குடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருவார். ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை, வலது கால், பேச்சு. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது, சுவரைப் பிடித்து நடக்கிறார். கை தேறவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

அச்சா.

எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவோம். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தது இந்தியில். எந்தச் சொல் தங்கும் என்பதை யாரும் முடிவு செய்ய முடியாது என்றார் டாக்டர். பசிக்கிறதா என்றால் அச்சா. பசிக்கவில்லையா என்றாலும் அச்சா. ஃபேனைப் போடட்டுமா, நிறுத்தட்டுமா, இரண்டுக்கும் அச்சா.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொல்றதுக்கெல்லாம் சரின்னு சொல்ல மாட்டாரான்னு ஏங்கியிருக்கேன்" என்றாள் அம்மா, அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டே. "அது இப்படியா நடக்கணும்?"

அப்பா அவளைப் பார்த்து "அச்சா" என்றார். அம்மா சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

அவருக்குப் பெரும்பாலும் எல்லாம் புரிகிறது, சொல்தான் வரவில்லை என்றார் டாக்டர். ஆமாம், இல்லை என்பதற்குத் தலையாட்டுவதும் தப்பாகப் போகலாம் என்றார். கேள்வி கேட்டுத் தலையாட்டச் சொல்லாதீர்கள், எதிரே படமோ எழுத்தோ வையுங்கள், அவர் தொட்டுக் காட்டட்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். தண்ணீர், டீ, கழிப்பறை, வலி, எங்கே வலி, ஃபேன், போர்வை, டிவி, ஜன்னல். இதுவும் ஒரு ஆல்பம்தானே என்று நினைத்தேன்.

முதலில் செய்தது கையில் மிச்சம் இருந்த காகிதத்தில். ஒரு பிரிவு உபசார ஆல்பத்துக்கு வாங்கிய ரோஸ் நிற அட்டை, தங்க நிற ஓரம், சுருள் காகிதத்தில் செய்த பூக்கள். அப்பா முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவது பக்கத்தைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாருக்குடி இது, எல்.கே.ஜி. பிள்ளைக்கா?" என்றாள் அம்மா.

பூக்களைப் பிய்த்தேன். கெட்டியான சாம்பல் நிற அட்டையில் மறுபடி செய்தேன். எங்கள் வீட்டு டம்ளர், எங்கள் வீட்டு ஃபேன், அவர் உட்காரும் நாற்காலி, எல்லாவற்றையும் படம் எடுத்து வெட்டி ஒட்டினேன். ஒற்றைக் கையால் புரட்டுவதற்காக ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் வெவ்வேறு உயரத்தில், பிடித்துத் திருப்பக் காது மாதிரி ஒரு துண்டு நீட்டி வைத்தேன். அம்மா முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எல்லாம் அவரு கேக்குறது மட்டும்தான் இருக்கு" என்றாள். "திட்டுறதுக்கு ஒரு பக்கம்கூட இல்லையே. அவரு பாதி நேரம் அதைத்தானே பேசுவாரு?"

அதனால் திட்டும் பக்கம் ஒன்று செய்தோம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'பட்டப்பகல்ல லைட் எதுக்கு?' 'டிவி சத்தத்தைக் குறை.' 'பக்வாஸ் போதும்.' 'ஒரு தடவை சொன்னா புரியாதா?' அன்று சாயங்காலம் அம்மா தன் தங்கையோடு போனில் வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டிருந்தபோது அப்பா இடது கையால் அந்தப் பக்கத்தைத் தேடித் திருப்பி, 'பக்வாஸ் போதும்' என்பதன் மேல் விரலால் தட்டினார். உதட்டின் ஒரு பாதி சிரித்தது. நோயில் படுத்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசிப் பக்கத்தில் இழுக்கவும் தள்ளவும் ஒரு பட்டை வைத்தேன். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் ஒரு நீளமான பட்டை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிடி, மேல் அட்டையில் வெட்டிய ஜன்னல். பிடியை உள்ளே தள்ளினால் ஜன்னலில் 'வேண்டாம்' என்று வரும். வெளியே இழுத்தால் 'வேணும்' என்று வரும். நடுவில் நிறுத்தினால் வெறும் வெள்ளை. பிரிவு உபசார ஆல்பங்களில் கப்பலை நகர்த்தும் அதே ஏற்பாடுதான். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. காலம் முழுவதும் லிவரைப் பிடித்த கை. டீயா, தள்ளுவார். குளியலா, இழுப்பார். எங்கள் வீட்டுக்கு மெல்ல ஆமாமும் இல்லையும் திரும்பி வந்தன.

அண்ணன் சென்னையில் வேலையில் இருக்கிறான். தினமும் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் இடத்தை அங்கே விசாரித்து வைத்திருந்தான். இங்கே எங்களுக்குக் கிடைத்த பயிற்சி வாரத்தில் ஒரு முறை, அதுவும் கொஞ்ச நேரம். பேச்சு திரும்புவதற்கு முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்று இரண்டு டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. அப்பா போக வேண்டும் என்பது என் கட்சி. அம்மா எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. "அவரு என்ன சொல்றாரோ அது" என்றாள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டோம். நல்ல மழை. அந்த வாரம் முழுவதுமே மழைதான், கரண்டும் வருவதும் போவதுமாக இருந்தது. அண்ணன் வீடியோ காலில் இருந்தான். போனை டம்ளரில் சாய்த்து வைத்தேன். டாக்டர் சொல்லித் தந்தபடி சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். "அப்பா, சென்னைக்குப் போகலாம். அங்க தினமும் பேச்சுப் பயிற்சி. அண்ணன் வீட்டுல தங்கலாம். அம்மாவும் வருவாங்க. கொஞ்ச மாசம். போறது வேணுமா, வேண்டாமா?"

அப்பா போனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என்னை வெகுநேரம் பார்த்தார். பிடியில் கை வைத்தார். பிறகு உள்ளே தள்ளினார்.

வேண்டாம்.

"அப்பா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றான் அண்ணன்.

"அச்சா" என்றார் அப்பா.

"சரி, அப்ப டிக்கெட் பார்க்கலை" என்றான். அம்மா எழுந்து குடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனாள். அந்த மழையில்.

மதியம் அப்பா தூங்கும்போது நான் புத்தகத்தை எடுத்து அந்தப் பிடியை நகர்த்திப் பார்த்தேன். 'வேண்டாம்' பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. 'வேணும்' பக்கம் இழுத்தால் பாதியில் இறுகியது. இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். பட்டை மடங்காமல் நிற்பதற்காக இழையை நீளவாக்கில் வைத்து வெட்டியிருந்தேன். அது சரியான முறைதான். ஆனால் காகிதம் இழைக்குக் குறுக்கேதான் ஊதும். ஆகவே பட்டை அகலத்தில் ஊதி, வெளியே இழுக்கும்போது பிடி வரும் வாயில் சிக்கியது. புத்தகம் இப்போது அலமாரியில் இருப்பதில்லை, அப்பாவின் தலைமாட்டில், ஜன்னலோரம் இருக்கிறது. நான் விட்டிருந்த இடைவெளி அலமாரிக் காகிதத்துக்குப் போதும். மழையில் கிடக்கும் காகிதத்துக்குப் போதவில்லை.

அடுக்களைக்குப் போனேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பட்டை 'வேணும்' பக்கம் இறுகுது."

"எந்தப் பட்டை?"

"காலையில அப்பா தள்ளினது. ஊதியிருக்கு. அவர் இழுக்கப் பார்த்து, வராம, தள்ளி விட்டிருக்கலாம்."

"காலம் பூரா கிரேன் ஓட்டின மனுஷன். லிவர் இறுகினா அவருக்குத் தெரியாதா?"

"அதை இடது கையால மட்டும் ஓட்டலையே."

அம்மா செதிலைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "காலையில அவரு வேண்டாம்னதும் உன் மூஞ்சி போன போக்கை நான் பார்த்தேன்டி."

"நீ மீன் வாங்கப் போன போக்கை நானும் பார்த்தேன்."

கத்தியைக் கீழே வைத்தாள். "ஆமா. எனக்கு நிம்மதிதான். அதை நான் மறைக்கலை. அங்க மூணாவது மாடியில, பகல் முழுக்க அவரும் பேசாம, பேச எனக்கும் ஒரு ஆள் இல்லாம உட்கார்ந்திருக்கணும். இங்கன்னா வாசல்ல நின்னா நாலு பேரு விசாரிக்கிறாங்க. ஆனா நான் ஒரு வார்த்தை அவருகிட்ட சொல்லலை. கேக்கச் சொன்னே, கேட்டாச்சு."

"இன்னொரு தடவை கேட்கணும்."

"எத்தனை தடவை கேப்ப? உனக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்குமா?"

பட்டை இறுகுவது உண்மை. நான் இழுத்துப் பார்த்ததும் உண்மை. அம்மாவுக்கும் இழுத்துக் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவளும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். "இறுகுதுதான்" என்றாள். "சரி, செய். ஆனா இதுதான் கடைசி."

அலுவலகத்தில் ஒரு மூலையில் பழைய டிரேசிங் ஃபிலிம் சுருள் கிடந்தது. எல்லாமே கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு அதை யாரும் தொடுவதில்லை. பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், ஈரம் குடிக்காது. கேட்டு வாங்கி வந்து பட்டையை அதில் வெட்டினேன். இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டேன். இந்த முறை பக்கத்தை மாற்றினேன், இழுத்தால் 'வேண்டாம்', தள்ளினால் 'வேணும்'. குளியலறையில் வெந்நீர் ஆவியில் தொங்கவிட்டு எடுத்து நகர்த்திப் பார்த்தேன். காலையில் பார்த்தேன், அலுவலகத்திலிருந்து வந்ததும் பார்த்தேன், விளக்கு வைத்த பிறகும் பார்த்தேன். என் சுண்டு விரலால் தள்ளினாலும் போனது, இழுத்தாலும் வந்தது. ஒரு வரைபடத்தையும் நான் இவ்வளவு சரிபார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூப்பிடாமல் கேட்டேன். அம்மா வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அப்பா, பழைய பட்டை மழையில இறுகிடுச்சு. புதுசு செஞ்சிருக்கேன். இப்ப தள்ளினா வேணும், இழுத்தா வேண்டாம். போன வாரம் கேட்டதை இன்னொரு தடவை கேட்கிறேன். சென்னைக்குப் போறது வேணுமா, வேண்டாமா?"

அவர் பிடியை முதலில் கடைசி வரை தள்ளினார். ஜன்னலைப் பார்த்தார். கடைசி வரை இழுத்தார். மறுபடி பார்த்தார். நடுவில் கொண்டு வந்து நிறுத்தினார். வேலை தொடங்குவதற்கு முன்னால் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்ததும் என்னைப் பார்த்து, நிதானமாக, நிற்கும் இடம் வரை இழுத்தார்.

வேண்டாம்.

அதோடு விடவில்லை. ஓரத்துக் காதைப் பிடித்துப் பக்கத்தைத் திருப்பி, திட்டும் பக்கத்துக்கு வந்து, 'ஒரு தடவை சொன்னா புரியாதா?' என்ற வரியின் மேல் விரலை வைத்தார்.

வாசற்படியில் அம்மா சிரிக்கவில்லை. "போதுமா?" என்று என்னைக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

போதும் என்றேன். போதவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே ஜன்னலில் 'வேணும்' என்று வந்திருந்தால் அன்று மதியம் நான் பட்டையைப் பிரித்துப் பார்த்திருப்பேனா என்று அதற்குப் பிறகு பல நாள் யோசித்தேன். மாட்டேன். டிக்கெட் தேடியிருப்பேன்.

ஆனாலும் ஏன் வேண்டாம்? பட்டை ஒரு பதிலைத்தான் சொல்லும். காரணம் சொல்லாது. அதற்கு நான் இன்னொரு பக்கம் செய்தேன். சின்னச் சின்ன மூடிகள், ஒவ்வொன்றையும் விரலால் தூக்கினால் உள்ளே ஒரு காரணம். பயணம் கஷ்டம். ஆஸ்பத்திரி வாடை. அண்ணன் வீட்டு மாடிப்படி. யாராவது பார்த்துப் பரிதாபப்படுவது. அம்மாவுக்குச் சிரமம். இந்த வீட்டை விட்டுப் போவது. பயிற்சியில் நம்பிக்கை இல்லை. யோசித்ததையெல்லாம் எழுதிய பிறகும் கடைசி வரிசையில் ஒரு மூடி மிச்சம் இருந்தது. வரிசை கோணலாகத் தெரியக் கூடாது என்பதற்காக அதையும் ஒட்டினேன். உள்ளே எதுவும் எழுதவில்லை.

அப்பா கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தூக்கினார். படித்தார், மூடினார். அவசரமே இல்லை. 'அம்மாவுக்குச் சிரமம்' என்பதைத் தூக்கியபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா, "அடேயப்பா, ரொம்ப அக்கறை" என்றாள். அவர் அதையும் மூடிவிட்டார். கடைசி மூடியைத் தூக்கினார். வெறும் சாம்பல் அட்டை. அதை மூடவில்லை. கட்டை விரலால் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அது எழுதாமல் விட்டது, அதில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. பேனாவை எடுத்து அவர் இடது கையில் கொடுத்தேன். மூடியை நான் பிடித்துக்கொண்டேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கோடு போட்டார். மேலிருந்து கீழே இறங்கி, வளைந்து, ஓரத்தில் இடித்து நின்ற கோடு. எழுத்து இல்லை, படமும் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அச்சா?" என்றார். கேள்வியாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். மறுபடி கேட்டதைச் சொன்னேன். பட்டை ஊதியதையும் மாற்றியதையும் சொன்னேன்.

"அப்ப நிஜமாவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். சொல்லிட்டார்."

"என்ன சொன்னாரு?"

"எனக்குப் படிக்கத் தெரியலை அண்ணா."

அதற்குப் பிறகு அவன், பயிற்சிக்கு வருகிறவர் எந்தக் கிழமை வருவார், நேரத்தைக் கூட்டச் சொல்ல முடியுமா, வீடியோவில் சென்னையிலிருந்தே யாராவது கற்றுத் தருவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நானும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். அறைக்குள் எட்டிப் பார்த்தபோது அப்பா ஜன்னலோரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகம் அந்தப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. மற்ற எல்லா மூடிகளும் மூடியிருந்தன. அப்பா போட்ட கோட்டின் மேலிருந்த மூடி மட்டும் ஈரத்தில் வளைந்து, அழுத்தினாலும் படியாமல், மேலே தூக்கிக்கொண்டு நின்றது.